மாமாவின் மின்சார சைக்கிள்: முன் பிரேக்கில் அதிர்வு, பின் பிரேக்கில் ஊளை

டிஸ்க் பிரேக் சத்தம் போடுகிறது என்று கடையில் சொன்னால், சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை (டிஸ்க்) இரு பக்கமும் கவ்வும் பேட்டை மாற்றுங்கள் என்பதுதான் முதலில் கிடைக்கும் பதில். மாற்றினால் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தாய்மாமாவின் மின்சார சைக்கிளில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் பேட் மாற்றினார்கள், இன்னொரு கடையில் டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்கள். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் உதறுவதும் நிற்கவில்லை, பின் பிரேக் ஊளையிடுவதும் நிற்கவில்லை.

பிரித்துப் பார்த்தபோது முன்னால் ஒரு கோளாறு, பின்னால் முற்றிலும் வேறு கோளாறு. சத்தம் எங்கிருந்து, எந்தத் தாளத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால் கண்டுபிடித்த விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 26 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் கியர் வைத்த ஹப் மோட்டார், இரண்டு பக்கமும் 160 மி.மீ. டிஸ்க், மினரல் ஆயில் ஓடும் ஹைட்ராலிக் பிரேக். டிஸ்க் ஆறு போல்ட்டில் நிற்கும் வகை. மாமா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். தோட்டத்துச் சாலையைத் தாண்டி ஒரு துண்டு நிலத்தில் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். காலையில் போவார், வெயில் ஏறுவதற்குள் திரும்புவார். போகும் வழியில் செம்மண் இறக்கம் ஒன்று உண்டு. கேரியரில் எப்போதும் ஏதாவது சுமை இருக்கும்.

அந்தச் சுமையும் இறக்கமும் முக்கியம். வண்டி, மாமா, சாமான் எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 2,650 ஜூல். அதே வண்டி 10 மீட்டர் உயரம் இறங்கும்போது வேகம் கூடாமல் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் ஏறக்குறைய 10,800 ஜூல். அதாவது ஒரு சின்ன இறக்கம், நாலு முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். அவ்வளவும் வெப்பமாக டிஸ்க்கில்தான் இறங்கும். கியர் வைத்த ஹப் மோட்டாருக்குள் ஒரு பக்கம் மட்டும் பற்றும் ஃப்ரீவீல் இருப்பதால், மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வேலையும் அதில் நடக்காது. சாதாரண சைக்கிளுக்குச் செய்த அளவில் வரும் பிரேக், இந்த எடையில் சீக்கிரம் களைத்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

ஓட்டிக் கேட்டது

தாமானுக்குள் சமதளச் சாலையில் நானே ஓட்டினேன். முதலில் முன் பிரேக் மட்டும், அப்புறம் பின் பிரேக் மட்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது.

முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டிலில் ‘டுக்... டுக்... டுக்’ என்று ஒரு துடிப்பு. வேகம் குறையக் குறைய துடிப்பும் மெதுவானது. இது நல்ல தடயம். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு சுமார் 1.3 முறை சுற்றும். துடிப்பும் அந்தக் கணக்கில்தான் வந்தது, சுற்றுக்கு ஒன்று. சுற்றுக்கு ஒரு முறை வரும் எதுவும், சுற்றுகிற பொருளில்தான் இருக்கும். சுற்றாமல் நிற்கும் பேட்டையோ, அதைத் தாங்கும் காலிப்பரையோ அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. டிஸ்க் வளைந்திருக்கலாம், ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவுமாக இருக்கலாம், பேட்டில் உரசும் பொருளான மருந்து ஒரு பக்கம் மட்டும் அப்பியிருக்கலாம். அந்தத் துடிப்போடு கூடவே, பிரேக் கவ்வும் நொடியில் ஒரே ஒரு ‘டக்’. அது தனிச் சத்தம்.

பின் பிரேக் இப்படி இல்லை. பிடித்த நேரம் முழுக்க ஒரே சீரான ‘ஊஊஊ’. நிற்கப் போகும் நேரத்தில் அது ‘கீச்’ என்று முடிந்தது. துடிப்பே கிடையாது. பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது, வழுக்குகிறது, மறுபடி கவ்வுகிறது. நொடிக்குப் பல நூறு முறை நடக்கும் இந்தக் கவ்வலும் வழுக்கலும்தான் சத்தம். வயலின் வில் தந்தியின் மேல் செய்வதும் இதே வேலைதான். ஹப் மோட்டாரின் பெரிய உலோகக் கூடு பக்கத்திலேயே இருப்பதால் சத்தம் இன்னும் பெருகிக் கேட்கும். இப்படிப்பட்ட ஊளைக்கு மூன்று இடத்தில் தேட வேண்டும்: உரசும் பரப்பில் அழுக்கோ எண்ணெயோ, பேட் தேய்ந்து கண்ணாடி போல மினுங்கும் நிலை, அல்லது எங்காவது இளகிய போல்ட்.

இளகியது எது?

கருவியை எடுக்கும் முன் சுவிட்சை அணைத்து பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். பின்சக்கரத்தில் கை வைக்கும் நேரத்தில் யாராவது த்ரோட்டிலைத் தொட்டுவிட்டால் விரல் போய்விடும். டிஸ்க்கில் துளைகள் இருப்பதால் சக்கரம் கையால் சுற்றும்போதுகூட விரலை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

முன்பக்கம் வந்த ‘டக்’ எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இன்னொரு கையின் விரலை ஹேண்டில் திரும்பும் ஹெட்செட் மூட்டில் வைத்திருக்க வேண்டும். ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரலில் ஒரு சின்ன நகர்வு பட்டது. மேல் போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளை முடுக்கியதும் அது போய்விட்டது. இதில் வரிசை மாறக் கூடாது. பக்க போல்ட்டை இளக்கி, மேல் போல்ட்டால் ஆட்டத்தை எடுத்து, கடைசியில் பக்க போல்ட்டை முடுக்க வேண்டும். ஹேண்டில் எந்தப் பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் கெட்டுவிடும்.

‘டக்’ போனது, துடிப்பு அப்படியே இருந்தது. எதிர்பார்த்ததுதான்.

முன் காலிப்பர் போல்ட்டுகள் சரி. முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஹப் பேரிங்கில் ஆட்டம் இல்லை. பின்னால் வந்தால் கதை வேறு. டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்டில் இரண்டு, டி25 அளவு டோர்க்ஸ் (நட்சத்திர முனை) சாவியை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் திரும்பின. இது அலட்சியமாக விடக்கூடிய விஷயம் இல்லை. போல்ட் கழன்று டிஸ்க் நகர்ந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையைத் துடைத்து, மரை இளகாமல் பிடிக்கும் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டு, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக முடுக்கினேன். இந்தப் போல்ட்டுக்கு ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் என்கிறது, டெக்ட்ரோ 4 முதல் 6 என்கிறது. உங்கள் பிரேக் எதுவோ அதன் கணக்கைப் பின்பற்றுங்கள். பலத்தைக் காட்டினால் டோர்க்ஸ் தலை வழுக்கிவிடும்.

ஹப் மோட்டார் ஆக்சிலின் நட்டையும் சேர்த்துப் பார்த்தேன். அது இளகியிருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே கொஞ்சம் நகரும், காலிப்பரை எவ்வளவு நேராக வைத்தாலும் பயனில்லை. இங்கே இறுக்கமாகத்தான் இருந்தது.

போல்ட்டுகளை முடுக்கியபின் ஓட்டிப் பார்த்ததில் ஊளையின் குரல் மாறியது, நிற்கவில்லை.

முன் டிஸ்க்கை அளந்தது

சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஃபோர்க் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை டிஸ்க்கை உரசும் அளவுக்கு வெட்டிவிட்டால் வளைவைக் கண்ணால் பார்க்கலாம். டிஸ்க் லேசாகத்தான் ஆடியது. அந்த அளவு வளைவு பேட்டில் ‘ஷ்...ஷ்’ என்று உரசுமே தவிர, ஹேண்டிலை இப்படி உலுக்காது. அப்போதே தடிப்பின் மேல் சந்தேகம் வந்தது.

டிஸ்க்கின் தடிப்பை வெர்னியரில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட் உரசுகிற பட்டை மட்டும்தான் தேயும், வெளி விளிம்பு தேயாமல் பழைய உயரத்திலேயே நிற்கும். வெர்னியரின் தாடை அந்த விளிம்பில்தான் உட்காரும். டிஸ்க் புதுசு மாதிரி அளவு காட்டும், நாமும் நம்பிவிடுவோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டையான காசை வைத்துச் சேர்த்து அளந்து, காசுகளின் தடிப்பைக் கழிக்கலாம். அதைவிட மைக்ரோமீட்டர் நல்லது. மாமாவின் பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை ஆலையில் ஃபிட்டர். கேட்டதும் கையோடு கொண்டுவந்தார். டிஸ்க்கைச் சுற்றிப் பல இடங்களில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து அவரே அளந்தார்.

இந்த வகை டிஸ்க் புதுசில் 1.8 மி.மீ. இருக்கும். 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்று என்று டிஸ்க்கின் கையிலேயே பொறித்திருக்கிறார்கள். எழுத்து சின்னது, செம்மண் அப்பியிருந்ததால் துடைத்த பிறகுதான் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்த அளவு ஓரிடத்தில் 1.55, எதிர்ப்புறத்தில் 1.46. பேட் ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, தடித்த இடம் வரும்போது அதிகம் கவ்வும், மெலிந்த இடத்தில் விடும். சுற்றுக்கு ஒரு துடிப்பு அங்கிருந்துதான் வந்தது.

“இதத் தேச்சுச் சமமாக்க முடியாதா தம்பி?” என்று அண்ணன் கேட்டார். ஆலையில் கடைசல் இயந்திரத்தோடு பழகியவர், அப்படிக் கேட்பது இயல்பு. கார் டிஸ்க்கில் முடியும், அதில் எடுக்க இடம் இருக்கிறது. இங்கே மெலிந்த இடம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டது. உப்புத்தாளால் கையில் தேய்த்தால் மேல் அழுக்கு போகும், தடிப்பு வித்தியாசம் போகாது. முன்பு கடையில் தேய்த்தும் பலனில்லாமல் போனதற்கு இதுவே காரணம். மெலிந்த டிஸ்க் வெப்பத்தையும் தாங்காது. புது டிஸ்க்தான் ஒரே வழி. சுங்கை சிப்புட்டில் 160 மி.மீ. ஆறு போல்ட் டிஸ்க் கையிருப்பில் இல்லை, ஈப்போவில் வாங்கினேன்.

வாங்கும்போது டிஸ்க்கின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பது நல்லது. ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அதில் பிசினால் மருந்தைப் பிடித்த ரெசின் பேட் மட்டும்தான் போட வேண்டும். சிண்டர்டு என்கிற உலோகப் பேட்டைப் போட்டால் டிஸ்க் வேகமாகத் தேய்ந்துவிடும். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் பார்த்து மாட்ட வேண்டும்.

பின் பேட்டில் இருந்தது என்ன?

பேட் புதுசு என்பதால் மாமாவுக்கு அதைத் தொடவே மனசில்லை. “பேட்டுல கை வைக்காத மாப்ளே, இப்பத்தான் காசு குடுத்து மாத்தினேன்” என்றார். கழற்றிக் காட்டினேன். மருந்து நிறையவே மீதி இருந்தது, உண்மைதான். பேட் மருந்து 0.5 மி.மீ. வரை தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் கணக்கு. இதில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. ஆனால் முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பதற்குப் பதிலாக, கறுத்து, நடுவில் ஒரு மினுக்கம். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை.

பிரேக் பேட்டில் பெட்ரோல் வாடை வருவதற்கு எந்த வழியும் இல்லை. அதுதான் என்னை நிறுத்தியது.

மேல் பரப்பை உப்புத்தாளில் தேய்த்துப் புது மருந்து தெரியும்படி செய்தேன். சமமான பலகையில் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் பேட்டை எட்டு வடிவத்தில் நகர்த்தினால்தான் முகம் கோணாமல் இருக்கும். அப்புறம் பேட்டைத் தகரத் தகட்டின் மேல் உச்சி வெயிலில் கிடத்தினேன். சூடேறியதும் டிஷ்யூ தாளை வைத்து அழுத்தினால் எண்ணெய் வளையம் பதிந்தது. மேலே மட்டும் பட்டிருந்தால் தேய்த்ததோடு போயிருக்கும். ரெசின் பேட் நுண்துளை நிறைந்தது, உள்ளே ஊறிவிட்டது.

ஊறிய பேட்டைக் கேஸ் அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மருந்தைப் பிடித்திருப்பதே ரெசின் என்கிற பிசின்தான். அதைச் சுட்டால் மருந்து தகட்டைவிட்டு விலகலாம், இறக்கத்தில் போகும்போது கழன்று விழலாம். வரும் புகையும் சமையலறைக்கு ஆகாது. ஒரு ஜோடி பேட்டின் விலைக்கு எடுக்கக்கூடிய துணிச்சல் இல்லை அது. தூக்கிப் போட்டுவிட்டோம்.

ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதுப் பேட்டை மாட்டினால் அதுவும் இதே கதிதான். மூன்று வழிகளை யோசித்தேன்.

ஒன்று, காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனின் சீலில் கசிவு. ஹைட்ராலிக் பிரேக்கில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். காலிப்பரின் உள்ளும் புறமும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டேன். பேட் இல்லாமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும் என்பதால் பழைய பேட்டையே மாட்டி, சக்கரத்தையும் இடத்தில் வைத்து, காலிப்பரைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ சுற்றினேன். லீவரை இழுத்துப் பிடித்து டியூப் ரப்பர் வாரால் ஹேண்டிலோடு கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் டிஷ்யூவில் ஒரு பொட்டு ஈரமில்லை. லீவரும் இளகாமல் கெட்டியாக இருந்தது. கசிவு இல்லை.

இரண்டு, செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே. செயின் வலப்பக்கம், டிஸ்க் இடப்பக்கம். வலப்பக்கம் நின்று அடித்தால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து டிஸ்க்கில் போய்ப் படியும். நிறைய வண்டிகளில் இதுதான் காரணம். ஆனால் மாமா துணியில் எண்ணெயை நனைத்துத்தான் செயினைத் துடைக்கிறார், ஸ்பிரே வைத்திருக்கவே இல்லை. சாலையும் சந்தேகத்துக்குரியதுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் பாதையில் நசுங்கிய பழமும் எண்ணெயும் சாலையில் கறையாகக் கிடக்கும். ஆனால் அதற்கு பெட்ரோல் வாடை வராது.

மூன்றாவதைக் கேரியரே காட்டிக் கொடுத்தது. இடப்பக்கக் காலில், மேலிருந்து கீழே கறுத்த ஒரு கோடு. அந்தக் கோடு முடியும் இடத்துக்கு நேர் கீழே காலிப்பர். மாமா நிலத்துக்குப் போகும்போது புல்வெட்டும் மெசினைக் கேரியரில் குறுக்கே கட்டிக்கொண்டு போவார். அது டூ ஸ்ட்ரோக் மெசின், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். டாங்க் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மெசின் சாய்ந்தால் ஒவ்வொரு சொட்டாகக் கசிந்து, கேரியர் கால் வழியாக இறங்கி, காலிப்பரில் விழுகிறது. பெட்ரோல் ஆவியாகிவிடும், எண்ணெய் பேட்டில் தங்கிவிடும்.

கேரியரில் விரலை வைத்து மாமாவே தடவி முகர்ந்து பார்த்தார். “அட, இது புல்லு மெசின் எண்ணெயில்ல!” என்றார். அதற்கப்புறம் பேட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெட்ரோல் கசியும் மெசின் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில் போவதே ஆபத்து, பிரேக் சத்தம் அதற்கு அடுத்ததுதான். மூடியின் ரப்பரை மாற்றினோம். எரிபொருளைத் தனிக் கேனில் கொண்டுபோய் நிலத்தில் ஊற்றிக்கொள்வது, திரும்பும்போது டாங்கைக் காலி செய்துவிடுவது, மெசினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைப்பது என்று முடிவானது.

மாட்டியது

பின் டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்தேன். துணியில் கறை வராத வரைக்கும் துணியை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசுவதுதான் நடக்கும். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்கும், அவசரத்துக்குப் பரவாயில்லை. மின்னணுச் சாமான் துடைக்க விற்கும் 99 விழுக்காடு இதற்கு மிகவும் நல்லது. காருக்கான பிரேக் கிளீனரை டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வைத்து அடிக்கலாம். காலிப்பரின் ரப்பர் சீலிலும் பெயிண்டிலும் படக் கூடாது.

பின்சக்கரத்தைக் கழற்றும் முன் ஆக்சிலின் வாஷர் வரிசையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். டிஸ்க் பக்கம் ஒரு வாஷர் மாறினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவே நிற்காது. மோட்டார் வயரின் இணைப்பில் அம்புக்குறிகள் எதிரெதிரே பொருந்த வேண்டும், திருகாமல் நேராகத் தள்ள வேண்டும்.

காலிப்பரை ஃபிரேமிலிருந்து எடுத்தபோது, அதை ஃபிரேமோடு இணைக்கும் அடாப்டர் தகட்டுக்கு அடியில் செம்மண் தூளும் உரிந்த பெயிண்டும் இருந்தன. இதைப் பலர் பார்ப்பதில்லை. தகட்டுக்குக் கீழே ஒரு மண் துகள் இருந்தாலும் காலிப்பர் சாய்ந்து உட்காரும், பேட் ஒரு முனையால் டிஸ்க்கைத் தொடும், ஊளை அங்கேயே தொடங்கிவிடும். இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து உரிந்த பெயிண்டைச் சுரண்டினேன்.

பிஸ்டன்களைத் துடைத்து, பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாக உள்ளே தள்ளி, புதுப் பேட்டை மாட்டினேன். விரல் மருந்தில் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். பேட்டின் முதுகில் கிரீஸ் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. இறக்கத்தில் சூடேறும் வண்டியில் அந்த கிரீஸ் உருகி முன்பக்கம் வந்துவிடும் என்பதால் நான் தடவுவதில்லை.

காலிப்பரை நேராக்க, இரண்டு போல்ட்டையும் அது நகரும் அளவுக்கு இளக்கி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். கடைசி அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். முன்பக்கம் அதிலேயே சரியானது. பின்பக்கம் போல்ட்டை முடுக்கும்போது காலிப்பரும் கூடவே கொஞ்சம் திரும்பியது. காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, டிஸ்க்கின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு சமமாகும்வரை கையால் நகர்த்தி முடுக்கினேன். பொறுமை வேண்டிய வேலை.

பேட்டரியை மாட்டியதும் செய்த முதல் சோதனை: பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, த்ரோட்டிலில் ஓடவிட்டு, லீவரைத் தொட்டால் மோட்டார் உடனே நிற்கிறதா என்பது. லீவருக்குள் இருக்கும் கட் ஆஃப் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் மோட்டார் ஒரு பக்கம் தள்ள பிரேக் ஒரு பக்கம் பிடிக்கும், பேட் கருகிவிடும். இரண்டு லீவரிலும் நின்றது.

பழக்கியது

புதுப் பேட்டை அப்படியே இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பேட்டின் மருந்து மெல்லிய படலமாக டிஸ்க் முழுக்கச் சமமாகப் படிந்த பிறகுதான் பிரேக் முழுப் பிடியும் கொடுக்கும், சத்தமும் அடங்கும். ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 முதல் 25 கி.மீ. வேகம் எடுத்து, ஒரு பிரேக்கை மட்டும் சீராகப் பிடித்து, நடக்கும் வேகத்துக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். முழுசாக நிறுத்தினால், நின்ற இடத்தில் மருந்து அப்பி, அந்த இடமே அப்புறம் துடிப்பாக மாறும். ஒவ்வொரு பிரேக்குக்கும் 20 முறை போல இப்படிச் செய்து, நடுவே ஆறவிட வேண்டும். தொடக்கத்தில் பிடியே இல்லாதது போல் இருக்கும், போகப் போக லீவருக்கு வலு வருவது கையிலேயே தெரியும்.

முன் ஹேண்டிலில் துடிப்பு முழுக்கப் போய்விட்டது. பின்னால் ஊளை இல்லை. நிற்கும் நொடியில் மட்டும் ஒரு மெல்லிய கீச்சு மிச்சமிருந்தது. பேட்டை எடுத்து, டிஸ்க் முதலில் உரசி உள்ளே நுழையும் விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டேன். அதுவும் அடங்கியது.

மழையில் நனைந்த வண்டியை எடுத்தால் முதல் சில பிடிகளில் கத்தத்தான் செய்யும். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் தினமும் மாலையில் கொட்டுகிறதே, அந்த ஈரம் காய்ந்ததும் சத்தம் போய்விடும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஈரம் காய்ந்தும் கத்தினால்தான் பேட்டைக் கழற்றி முகர்ந்து பார்க்க வேண்டும்.

உலோகப் பேட் போடலாமா என்று யோசித்தோம். சேற்றிலும் மணலிலும் அது ரெசினைவிட நீண்ட நாள் உழைக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சத்தம் அதிகம், பின் டிஸ்க் ரெசினுக்கு மட்டுமானது. இப்போதைக்கு இரண்டு பக்கமும் ரெசின்தான். அதற்குப் பதிலாக மாமா இறக்கத்தில் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார். மேலிருந்து கீழ்வரை பின் பிரேக்கை மட்டும் தடவிக்கொண்டே வராமல், இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டு, டிஸ்க்குக்குக் காற்று வாங்க நேரம் கொடுப்பது.

பின் டிஸ்க்கையும் அண்ணன் அளந்து பார்த்தார். எங்கே வைத்தாலும் 1.6க்கு மேல் காட்டியது. அடுத்த பேட் மாற்றும்போது மறுபடி மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கி அளக்க வேண்டும்.